நிக்கத் தெரியாத குதிரைக்கு நெத்திச்சுட்டி

வா பேராண்டி, வா. நீ வர்றதுக்கு முன்னாடியே உன் சைலன்சர் வில்லியனூர் தேரடியில இருந்து குரல் குடுத்துடுச்சி. வாசல்ல நிக்க வேண்டிய வண்டி மாட்டுக்கொட்டாயத் தாண்டிப் போயி நின்னுது. பரவால்ல, கோழிங்க பழகிக்கிச்சி.

1999ல இந்த சிபிசெட் வந்தப்ப, முன்சக்கரத்துல 240 மில்லிமீட்டர் டிஸ்க்குன்னு ஆம்பளைங்க எல்லாம் குனிஞ்சி குனிஞ்சி பாத்தாங்க. அதுக்கு முன்னாடி பறந்த ராஜ்தூத் 350க்கே இங்க டிரம் பிரேக்குதான். அப்படியாப்பட்ட வண்டி உன் கையில சிக்கி, டேங்க்ல புலிப்படமும் ஹேண்டில்ல குஞ்சமுமா நிக்குது. பிரேக் லிவரப் புடிச்சா கிரிப்பு வரைக்கும் போயி ஒட்டிக்குது. கேட்டா, "நாலு வாட்டி அடிச்சா புடிக்கும் தாத்தா"ன்ற. ரொம்ப சரி. அஜந்தா சிக்னல்ல குறுக்க வர்ற அம்மாகிட்ட, "நாலு அடி அடிக்கிற வரைக்கும் நகராம நில்லுங்கம்மா"ன்னு கேட்டுக்கோ. புதுச்சேரிக்காரங்க, நீ மரியாதையா சொன்னா நிப்பாங்க.

வண்டிய நிறுத்திட்டு லிவர ஒரே அழுத்தா அழுத்திப் புடி. ஆயில் எங்கயும் ஒழுகல, ஆனா லிவர் மெதுவா உள்ள இறங்கிகினே போவுதா? மாஸ்டர் சிலிண்டர்ல உள்பக்கத்து பக்கெட் வாஷர் தேஞ்சிபோச்சு. லிவர் கிட்ட இருக்குற ரப்பர் மூடியத் தூக்கினா ஈரமா? அப்ப வெளிவாஷர். ரெண்டும் இல்லாம பஞ்சு மாதிரி அமுங்கி, அடிக்க அடிக்க கெட்டியாவுதுன்னா லைன்ல காத்து. எது போனாலும் கிட்டா வாங்கி மொத்தமா மாத்து. ஒரு வாஷர மட்டும் மாத்தி மிச்சம் புடிக்கிற கெட்டிக்காரத்தனத்த கல்யாணச் செலவுல காட்டு.

உன் பிரேக் புடிக்கிறதே ஒரு கணக்குலதான். மூடி வச்ச திரவத்த ஒரு பக்கம் அழுத்தினா அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் அப்படியே போவும்னு கண்டுபுடிச்ச பாஸ்கல் ஒரு பிரெஞ்சுக்காரர். அவரு 1662ல கண்ண மூடினாரு. 12 வருஷம் கழிச்சி 1674ல இன்னொரு பிரெஞ்சுக்காரர், பிரான்சுவா மர்த்தேன், நம்ம புதுச்சேரியில வந்து எறங்கினாரு. வெள்ளைக்காரன் தெருவுல நின்னு செல்ஃபி எடுக்குற நீ, அந்த ஊரு கணக்குல ஒண்ணாவது கத்துக்கக் கூடாதா?

மாஸ்டர் சிலிண்டரக் கழட்டுறப்ப சர்க்கிளிப்ப லாக் பிளையர் போட்டு எடு. ஸ்பிரிங்கு பாஞ்சி வரும், மூஞ்சியக் கொண்டுபோயி நீட்டாத. பிரியாணிய போட்டோ எடுக்குற போன்ல, எது எந்தப் பக்கம் பாத்து இருந்துதுன்னு ஒரு போட்டோ எடு. வாஷர் உதடு அழுத்தம் வர்ற பக்கம், அதாவது உள்ளார பாக்கணும். திருப்பிப் போட்டியோ, ஜென்மத்துக்கும் பிரேக் புடிக்காது.

தமிழ்நாட்ட விட இங்க பெட்ரோல் வெல கம்மிதான். அதுக்காக கழட்டின சாமானையும் பெட்ரோல்ல கழுவிடாத. ரப்பர் ஊதிப் போயி பிஸ்டன் சிக்கிக்கும். புது பிரேக் ஆயில்லயே கழுவு, அதையே தடவி மாட்டு. துளைக்குள்ள விரல் நகம் தட்டுற அளவுக்குச் சொறி இருந்தா எமரி ஷீட்டத் தேடாத. சிலிண்டரையே மாத்து.

ஆயில் தொட்டிக்கு அடியில ஊசிமுனை அளவு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உங்க ஆளுங்க பாதிப்பேரு இதைப் பாக்குறதே இல்ல. லிவர விட்டதும் ஆயில் இதுவழியாத்தான் தொட்டிக்குத் திரும்பணும். அழுக்கு அடைச்சா, ஓட ஓட சூடாயி, ஆயில் விரிஞ்சி, நீ தொடாமலேயே பிரேக் புடிச்சிக்கும். மெல்லிசான கம்பியால பதமாக் குத்தி எடு. மாட்டினப்புறம் லிவர லேசா அழுத்தினா தொட்டியில சின்னதா ஒரு ஊத்து கெளம்பணும். அதுதான் ஓட்டை திறந்திருக்குன்றதுக்கு அடையாளம்.

ஆயில் விஷயத்துல மூடிமேல போட்டிருக்குற நம்பரப் பாரு. டாட் 4ன்னா டாட் 4, புது டப்பா. அலமாரியில தொறந்து கெடக்குறது கடக்காத்துல ஈரத்தக் குடிச்சிருக்கும். புதுசுல 230 டிகிரிக்குக் குறைஞ்சி கொதிக்கக் கூடாதுன்னு விதி. நூத்துக்கு 3.7 பங்கு தண்ணி சேந்தா அதே விதி 155க்கு இறங்கிடும். தண்ணி கலக்குற வித்தைய உனக்கு நான் சொல்லிக் குடுக்கணுமா? ஆனா இங்க கலக்காத. டேங்க் மேல ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணி ஊத்திக் கழுவு, இல்லன்னா உன் புலி தோலுரிஞ்சி போயிடும்.

ஏர் எடுக்குறப்ப அவசரப்படாத. லிவர அழுத்திப் புடிச்சிகினே நிப்பிளத் தொற, மூடினப்புறம்தான் லிவர விடு. நடுவுல தொட்டி காலியாச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பி. ஓஸ் மாட்டுற எடத்துல செம்பு வாஷர் ரெண்டும் புதுசா இருக்கட்டும்.

முடிச்சிட்டு நேரா பீச் ரோட்டுக்குப் பறக்காத, சாயங்காலம் ஆறுக்கு மேல அங்க வண்டிய விடமாட்டாங்க. காலி எடத்துல தள்ளிப்பாத்து, மெதுவா ஓட்டிப்பாத்து அப்புறம் ரோட்டுக்கு வா. எடுத்த பழைய ஆயில பெரிய வாய்க்கால்ல மட்டும் ஊத்தாத, டப்பாவுல மூடி மெக்கானிக் கடையில குடு. வாய்க்கால்ல ஏற்கெனவே ஓடுறதே ஊருக்குப் போதும்.