அறுபத்தோராவது யூனிட்

குளிர்நாட்டுச் சனத்துக்கு ஒரு கவலை உண்டாம்: வீட்டைச் சூடாக்கும் கரண்டுக்கு எந்தக் கட்டணத் திட்டத்தைத் தெரிவு செய்வது என்று. கல்முனைக்குடியில் வீட்டைச் சூடாக்க ஒரு சல்லி செலவில்லை. ஏப்ரல் மாதம் தகரக் கூரைக்குக் கீழே குந்தியிருந்தால் போதும். அந்தச் சூட்டுக்கு மட்டும் இன்னும் மீற்றர் பூட்டவில்லை. ஆனால் 'தெரிவு' எங்களுக்கும் உண்டு. அதில் அரசாங்கம் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை.

அடுப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஒக்டோபரில் 12.5 கிலோ காஸ் 1,493 ரூபாயிலிருந்து 2,675க்குத் தாவியது. அடுத்த மாதம் அடுப்புகள் ஊர் ஊராக வெடித்தன. வெடித்து ஓய்ந்த பிறகு காஸையே காணவில்லை. 2022 ஏப்ரலில் விலை 4,860. சரி, மண்ணெண்ணெய்க்குப் போகலாம் என்றால் ஓகஸ்டில் 87 ரூபாய் லீற்றர் 340 ஆனது. குசினியில் அடுப்பு அணைந்த நாளில் கரையில் வள்ளத்து எஞ்சினும் அணைந்தது. விறகு மூட்டலாமென்றால், சுவரோடு சுவர் முட்டி நிற்கும் எங்கள் ஊர்களில் முற்றம் ஏது? கடைசியில் கடன்பட்டுக் கரண்ட் அடுப்பும் ரைஸ் குக்கரும் வாங்கினார்கள். வாங்கியவர்களுக்கு நல்வரவு: அதே ஓகஸ்டில் கரண்ட் கட்டணம் 75 வீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் அதற்கு மேல் 66 வீதம்.

வீதக் கணக்கு பணக்காரனுக்கு. ஏழைக்கு ரூபாய்க் கணக்கு சொல்கிறேன். மாதம் 30 யூனிட் எரிக்கும் வீட்டின் பில் 105 ரூபாயாக இருந்தது. அது 360 ஆனது, பிறகு 1,300. எல்லாம் ஏழு மாதத்துக்குள். இதற்குத்தான் 'செலவைப் பிரதிபலிக்கும் விலை' என்று பெயர் வைத்தார்கள். யாருடைய செலவு, யார் பண்ணிய செலவு என்பதை மட்டும் எந்தக் கண்ணாடியும் காட்டவில்லை.

இனி உச்சக்கட்டப் பகிடிக்கு வருவோம். அந்தப் பெப்ரவரிக் கணக்கில் 60 யூனிட்டுக்குப் பில் 2,560 ரூபாய். 61 யூனிட்டுக்கு 3,212. அதாவது அறுபத்தோராவது யூனிட்டின் விலை 652 ரூபாய். தொண்ணூற்றோராவது யூனிட் அதைவிடப் பெரிய மாப்பிள்ளை: 900 ரூபாய். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் நிலையான கட்டணம் குதிக்கிறது. அறுபதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலையும் மாறுகிறது. மாதக் கடைசியில் எங்கள் வீடுகளில் மீற்றர் பார்ப்பது பிறை பார்ப்பது போல ஆகிவிட்டது. "உம்மா, இன்னும் ரெண்டு யூனிட்தான் இருக்கு. கேத்தலப் போடாதீங்க" என்கிறாள் மகள். பிள்ளையின் வெள்ளைச் சட்டை அயன் படாமல் பள்ளிக்கூடம் போகிறது. கரண்ட் அடுப்பு மேசைக்குக் கீழே போகிறது.

'நேரத்துக்கேற்ற கட்டணம் இருக்கிறதே, அதைத் தெரிவு செய்யுங்களேன்' என்பார்கள். இருக்கிறது. 2015இல் அது வந்தபோது இரவு பத்தரையிலிருந்து காலை ஐந்தரை வரை யூனிட் 13 ரூபாய், மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை 54. நோன்பு மாதத்துக்கென்றே செய்தது போலிருக்கும். சஹர்ச் சோற்றுக்கு மலிவு விலை. ஆனால் நோன்பு திறந்து மஃரிப் தொழுது நிமிர்ந்தால் உச்ச விலை. இருக்கட்டும், சகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் திட்டம் திறந்துவிடப்பட்டது மூன்று பேஸ், 30 அம்பியர் வைத்திருக்கும் வீடுகளுக்கு. ஏசி பூட்டிய மாளிகைக்குத் தெரிவு. ஒற்றை பேஸில் ஒரு பல்பும் ஒரு குக்கரும் வைத்திருக்கும் மீனவனுக்குப் பொறுமை.

கட்டண உயர்வை எதிர்த்து வாய் திறந்தவர் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவர் ஜனக ரத்நாயக்க. 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 123 வாக்குகளால் அவரை வீட்டுக்கு அனுப்பியது. எதிர்த்தவை 77. நாட்டில் வேகமாக வேலை செய்த ஒரே இணைப்புத் துண்டிப்பு அதுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முழு இலங்கையும் இருண்டபோது அமைச்சர் குமார ஜயகொடி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கைக் கைகாட்டினார். அந்தக் குரங்கைக்கூட யாரும் பதவி நீக்கவில்லை.

எங்கள் பிரதிநிதிகளோ கல்முனையில் பிரதேச செயலக எல்லைக்கு அடிபட்டுக்கொண்டிருக்கிறார்கள். தமிழனுக்கு எந்தப் பக்கம், முஸ்லிமுக்கு எந்தப் பக்கம் என்று தொண்டை கிழியப் பேசுகிறார்கள். 60க்கும் 61க்கும் நடுவில் ஓடும் எல்லைக்கோடு இரண்டு பேரின் குசினியையும் ஒரே மாதிரிக் கிழித்துப் போகிறது. அதைப் பற்றி வாய் திறக்க ஆளில்லை.

பிறகு கரண்ட் விலை ஏறியது, இறங்கியது. 2023இல் குறைத்து ஏற்றினார்கள், 2024இல் இரண்டு தரம் குறைத்தார்கள், 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்துவிட்டு ஜூனில் 15 வீதம் ஏற்றினார்கள். இத்தனை ஆட்டத்திலும் எல்லைக்கோட்டுக் குதி மட்டும் ஒழியவில்லை. ஆணைக்குழு அடுத்த தரம் கருத்துக் கேட்கும்போது உங்கள் பில்லின் பிரதியை இணைத்து, ஒரேயொரு கேள்வியை எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள்: ஒரு யூனிட் தாண்டியதற்கு எங்களிடம் ஏன் இத்தனை நூறு ரூபாய் பிடுங்குகிறீர்கள்?