அத்தையின் பெயர் எச்2

ஊரில் நோயாளியின் கட்டிலருகே ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் மேட்ரன் கேட்பார்: "என்ன சிஸ்டர், கதை பேசவா சம்பளம்?" இங்கிலாந்தின் மனநல வார்டில் அதற்குத்தான் சம்பளம். ட்ரிப் ஏற்ற நரம்பு தேடித் தேடித் தேர்ந்த கை, மடியில் சும்மா கிடக்கிறது. பல வார்டுகளில் சீருடையும் கிடையாது. கழுத்து அட்டையைப் படித்தால்தான் யார் நர்ஸ், யார் நோயாளி என்று தெரியும். அதையும் தள்ளி நின்றே படிக்க வேண்டும்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வாங்கி வந்தவருக்கு முதல் வாரமே அடி சறுக்குகிறது. "நாட் டூ பேட்" என்கிறார் நோயாளி. பரவாயில்லையாம் என்று குறித்துவைக்கிறார் நம் சிஸ்டர். அதைப் படித்த மூத்த நர்ஸ், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோயாளியருகே போய் உட்கார்கிறார்.

பேச்சு போதாத நேரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டம், பிரிவு 5(4): தானாக வந்து சேர்ந்த நோயாளி ஆபத்தான நிலையில் கிளம்பப் பார்த்தால், டாக்டர் வரும்வரை, அதிகபட்சம் 6 மணி நேரம், மனநலப் பதிவு பெற்ற நர்ஸே நிறுத்திவைக்கலாம். நம்மூரில் இந்த வேலையை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் அத்தை பார்த்துக்கொள்வார். இங்கே அந்த அத்தையின் பெயர் படிவம் எச்2.