பெற்றோரைச் சூட் ரூமில் அமர்த்தும் இலக்கணம்

பெற்றோரைப் பேண வேண்டும் என்று அறநூல்கள் அத்தனையும் சொல்லிவிட்டன. எந்த மாடியில் பேணுவது, லிஃப்டிலிருந்து எத்தனை அடி தள்ளிப் பேணுவது, காலை உணவு சேர்த்தா சேர்க்காமலா என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் குறையை நிரப்ப எழுந்ததே இச்சிறு ஆய்வு.

ஆய்வின் எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். சம்பாத்தியம் நிலைத்து, வீட்டுக்கடனில் பாதியாவது தீர்ந்து, “அப்பா அம்மாவை ஒரு தடவையாவது பெரிய ஹோட்டலில் தங்கவைக்கணும்” என்ற வேகம் பிறந்த மகன் அல்லது மகள் ஒருபக்கம். அந்த வேகத்துக்கு ஆளாகும் பெற்றோர் மறுபக்கம். கைக்குழந்தையோடு பயணம் போகும் இளம் பெற்றோர் இதில் அடங்கார். எந்த அறை எடுத்தாலும் அவர்களுக்குத் தூக்கம் இல்லை என்பதால் அறைத்தேர்வு பற்றிய கேள்வியே அங்கே எழவில்லை.

தொல்காப்பியர் அகத்திணைப் பொருளை முதல், கரு, உரி என்று மூன்றாகப் பகுத்தார். நட்சத்திர விடுதியில் அறை எடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பகுப்பு எனக்குத் தட்டுப்படவில்லை. முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்.

நிலம் என்றதும் பிள்ளைகள் சன்னலைத்தான் நினைக்கிறார்கள். கடல் தெரிந்தால் வாடகை கூடும் என்பது இந்தத் தொழிலின் மூத்த விதி. மும்பையில் ஜாம்ஷெட்ஜி டாட்டா கட்டிய தாஜ் மஹால் பேலஸ் 1903 டிசம்பரில் திறந்தபோது எதிரே கேட்வே ஆஃப் இந்தியா கிடையாது. அது திறக்கப்பட்டது 1924இல். இடைப்பட்ட காலம் முழுக்க வெறும் கடலைக் காட்டியே வாடகை வாங்கியிருக்கிறார்கள். இதில் பிழை இல்லை. ஆனால் எழுபது வயது அப்பா சன்னலுக்குப் போவது இரண்டே காரணங்களுக்காக. ஒன்று, அது திறக்குமா என்று பார்க்க, திறக்காது. மற்றொன்று, கீழே ஆட்டோ ஸ்டாண்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவைத்துக்கொள்ள. உதயப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே இரண்டாம் ஜகத்சிங் 1746இல் கட்டி முடித்த அரண்மனை இன்று விடுதியாக இருக்கிறது. படகில்தான் போய்ச் சேர வேண்டும். அழகுக்குக் குறைவில்லை. ராத்திரி பத்தரைக்கு அம்மாவுக்கு ஒரு ஜெலுசில் வேண்டுமென்றால் மெடிக்கல் ஷாப் அக்கரையில் இருக்கிறது என்பதைத்தான் யோசித்துக்கொள்ள வேண்டும்.

நிலம் என்றது கதவுக்கும் லிஃப்டுக்கும் இடையிலுள்ள தூரத்தையும் சேர்த்தே என்க. பெரிய சூட்களைப் பெரும்பாலும் தளத்தின் மூலையில் அமைப்பார்கள். இரண்டு பக்கம் சன்னல் வைக்க அதுதான் வசதி. ஆகவே வாடகை கூடக்கூட நடையும் கூடும். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளும் ஒருவரை மூலைச் சூட்டில் வைத்துவிட்டு, “பாதி மாடியே நமக்குத்தாம்மா” என்று பெருமைப்படுவதில் பயனில்லை. கிண்டியில் 2012இல் திறந்த ஐடிசி கிராண்ட் சோழா போல 600 அறை கொண்ட விடுதிகளில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும். சோழர் கோயிற்கலையைப் பார்த்து எழுப்பிய கட்டடம் அது. உள்ளே நுழைந்ததும் அனிச்சையாகச் செருப்பைக் கழற்றப் போகும் அம்மாவும், அதற்குள் ஓடிப்போய்த் தடுக்கும் பிள்ளையும் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

பொழுது இதைவிடச் சிக்கல். மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறும் பெற்றோர் சென்னையில் இறங்குவது வைகறை. விடுதி அறை தருவது பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு, அதாவது ஏறக்குறைய எற்பாட்டில். இடையிலுள்ள நேரத்தை “லாபியில வெயிட் பண்ணலாம் சார்” என்ற ஒரே வாக்கியத்தில் விடுதி கடந்துவிடும். குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத அம்மாவால் கடக்க முடியாது. முதல்நாள் இரவுக்கும் சேர்த்து வாடகை கட்டிவிடுவதே இதற்கு நேர்வழி. கட்டினால் மட்டும் போதாது. “விடியக்காலை அஞ்சு மணிக்குத்தான் வருவாங்க” என்று போனில் சொல்லியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் வரவில்லை என்று எழுதி, காசு கட்டிய அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிட வாய்ப்புண்டு.

இனிக் கருப்பொருள். இலக்கணத்தில் இது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை என்று விரியும். விடுதிக்குரியவை சாவி அட்டை, மினிபார், கெட்டில், குளியலறை. சாவி அட்டையை 1970களில் உருவாக்கியவர் தோர் சோர்னெஸ் என்ற நார்வேக்காரர். அதைக் கதவோரப் பள்ளத்தில் செருகினால்தான் விளக்கெரியும், உருவினால் ஏசி உட்பட எல்லாம் நின்றுவிடும் என்ற ஏற்பாடு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நட்சத்திர விடுதியில் அப்பாவின் மனமார்ந்த பாராட்டைப் பெறும் ஒரே பொருள் இதுதான். “ஃபேனை யாரு போட்டு விட்டுட்டுப் போனது?” என்று நாற்பது வருடம் வீட்டில் கத்தியும் நடக்காத காரியத்தை ஓர் அட்டை நடத்திக் காட்டுகிறது.

மினிபார் 1974இல் ஹாங்காங் ஹில்டனில் தொடங்கிப் பரவியது. சில விடுதிகளில் அதன் தட்டுகளுக்கு அடியில் சென்சார் வைத்திருப்பார்கள்; எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் கணக்கில் ஏறிவிடும். வழிப்பயணத்தில் மிஞ்சிய தயிர்சாதத்தை உள்ளே வைக்க இடம் பண்ணுவதற்காக அம்மா குட்டிக்குட்டி பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வரிசையாக அடுக்குவார். கம்ப்யூட்டரின் கண்ணுக்கு அது, வந்து அரைமணி நேரத்துக்குள் வயதான தம்பதி நடத்தி முடித்த பெருங்குடி. முன்கூட்டியே சொன்னால் மினிபாரைக் காலி செய்து தருவார்கள். சொல்ல வேண்டும்.

குளியலறையில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 1898இல் பாரிஸில் தன் விடுதியைத் திறந்த செசார் ரிட்ஸ், அறைக்கு அறை சொந்தக் குளியலறை என்பதை உயர்தரத்தின் அடையாளம் ஆக்கினார். வாளியைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அவர் வழிவந்தவர்களும் யோசிக்கவில்லை. அறையின் தரம் உயர உயரப் பாத்டப் பெரிதாகிறது, சன்னலோரம் நகர்கிறது, பளிங்காகிறது. ஷவர் அதற்குள்ளேயே அமைந்துவிட்டால் வழுக்கும் தொட்டிக்குள் முழங்கால் உயரம் காலைத் தூக்கி வைத்து ஏறித்தான் குளிக்க வேண்டும். சாதாரண அறையில் தரையோடு தரையாக ஒரு ஷவரும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் இருந்திருக்கும். அப்கிரேட் என்ற பெயரில் அந்தக் கம்பியை இழக்கக் கூடாது.

கண்ணாடிச் சுவர் வைத்த குளியலறை வேறு வகை. உள்ளே இருப்பவர் வெளியே தெரிவார். திரை உண்டு, திரையை இறக்கும் பொத்தான் கட்டில் பக்கம் இருக்கும். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடமான அம்மா, அப்பாவை வராந்தாவில் நிற்கவைத்துவிட்டுக் குளிப்பார். அப்பா சாவி அட்டையை உள்ளேயே விட்டுவிட்டு வெளியே நிற்பார். மிச்சம் உங்களுக்கே தெரியும்.

வாளியும் மக்கும் கேட்டால் கிடைக்கும். ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரு போன் போதும். இந்திய விடுதிகளில் இந்தக் கோரிக்கை கேட்டு யாரும் திகைப்பதில்லை. பாத்டப்புக்கு மேலே சுவரில் வட்டமாக ஒரு சின்ன டப்பா இருக்கும், அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் கொடிக்கயிறு வரும். பிள்ளைகள் பத்து வருடம் விடுதிகளில் தங்கியும் கவனித்திராத இதை அம்மா ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்து, அப்பாவின் துண்டைப் பிழிந்து போட்டிருப்பார்.

இப்போது அறைவகைக்கு வருவோம். டீலக்ஸ், பிரீமியம், கிளப், ஜூனியர் சூட், எக்சிகியூட்டிவ் சூட் என்று போகும் அடுக்கில் பிள்ளைகள் சதுர அடியைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது சுவரை. ஜூனியர் சூட் எனப்படுவதில் பெரும்பாலும் கட்டிலும் சோபாவும் ஒரே அறையில் இருக்கும், நடுவே ஒரு தடுப்பு இருந்தால் உண்டு. சுவரில்லாததை இவ்வாய்வு சூட்டாக ஏற்பதில்லை. என்னை? பெற்றோர் ஓர் ஊருக்குப் போனால் அந்த ஊர் உறவினர் பார்க்க வருவர். பெரியப்பா மகன் வருவார், பழைய ஆபீஸ் நண்பர் வருவார், முக்கியமாகச் சம்பந்தி வருவார். வந்தவரைக் கட்டிலில் உட்காரச் சொல்ல முடியாது. நம் படுக்கையை அவர் பார்க்கும்படி வைப்பதே முறையில்லை. லாபியில் சந்திக்கலாமே என்பார் ஒரு சாரார். அங்கே ஒரு காபியின் விலையைச் சம்பந்தி மெனுவில் பார்த்துவிடுவார் என்பதால் அது பொருந்தாது.

சிங்கப்பூரில் ஆர்மீனியச் சகோதரர்களான சார்க்கீஸ்கள் 1887இல் தொடங்கிய ராஃபிள்ஸ் ஹோட்டலில் இன்று அத்தனை அறையும் சூட்தான். வாசலில் வராந்தா, அதையடுத்து முன்னறை, அதற்குப் பின்னால் படுக்கையறை, கடைசியில் குளியலறை. காரைக்குடிக்காரர் ஒருவரிடம் பொறுப்பை விட்டாலும் இந்த வரிசையில்தான் கட்டியிருப்பார். சுவருக்கு இன்னொரு பயனும் உண்டு. அப்பா நாலு மணிக்கு எழுந்துவிடுவார். எழுந்தவர் சும்மா இருக்கமாட்டார், டிவியைப் போடுவார். கிங் சைஸ் கட்டிலின் மறுபாதியில் அம்மா தூங்க வேண்டுமானால் நடுவே செங்கல் வேண்டும். இரண்டு தனிக்கட்டில் போட்ட அறையாகக் கேட்டு வாங்குவதும் நன்று; தேனிலவுக்கென்று செய்த ஒரே பெரிய கட்டிலில் அப்பாவின் குறட்டை மெத்தை வழியாகவும் வந்து சேரும்.

அப்கிரேட் கருணையால் கிடைப்பது அன்று. கீழ்வகை அறைகளை இருப்பதைவிடக் கூடுதலாக விற்றுவிட்ட நாளில் விடுதி யாரையாவது மேலே ஏற்றித்தான் ஆகவேண்டும். அந்த வரிசையில் உறுப்பினர் அட்டைக்காரருக்கு முதலிடம். இங்கேதான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். வருடத்துக்கு 50 இரவு வெளியூரில் படுத்து மேரியட் பான்வாயில் பிளாட்டினம் ஆன மகன், அந்தச் சலுகையைப் பெற்றோருக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. தானும் அங்கே தங்க வேண்டும். ஹயாத்தில் வேறொருவருக்குச் சலுகையை வழங்க ‘கெஸ்ட் ஆஃப் ஆனர்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும், ஐம்பது இரவு வீட்டில் இல்லாமல் சேர்த்த தகுதி வீட்டாருக்குச் செல்லாது.

அட்டை இல்லாதவர் முன்பதிவின்போது குறிப்புப் பெட்டியில் “பெற்றோரின் திருமண நாள்” என்று எழுதிவைப்பது வழக்கம். இதனால் அறை உயர்வது உறுதியில்லை, கேக் உறுதி. கட்டிலில் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவை செய்து, சுற்றிலும் ரோஜா இதழை இதய வடிவில் தூவியும் வைப்பார்கள். கதவைத் திறந்த அப்பா அதைப் பார்த்து இருமுவார். அம்மா பையிலிருந்து ஒரு கேரி பேக்கை எடுத்து, பூ காலில் மிதிபடக் கூடாது என்று இதழ்களை ஒன்றுவிடாமல் வழித்துப் போட்டுக்கொள்வார். அன்னங்களைப் பிரித்தால் நல்ல கனத்த துண்டு இரண்டு கிடைக்கும்.

மேசையிலேயே காசு கொடுத்து அறையை உயர்த்திக்கொள்வது இன்னொரு முறை. “சார், ஜஸ்ட் ஆயிரம் ரூபாய் எக்ஸ்ட்ரா” என்பார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஒருநாள் வாடகை 7,500 ரூபாய் வரை 5 சதவீதம் ஜிஎஸ்டி. தாண்டினால் மொத்தத் தொகைக்கும் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. ஆயிரம் ஏற்றி 8,500 ஆக்கினால் வரியோடு 10,030. ஆக அந்த ‘ஜஸ்ட் ஆயிரம்’ உண்மையில் 2,155. 7,501 ரூபாய்க்கு அறை எடுத்தவரின் நிலை இன்னும் பரிதாபம். அந்த ஒற்றை ரூபாய்க்கு அவர் கொடுக்கும் விலை சுமார் 976. கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அப்பா பக்கத்தில் நிற்கும்போது இந்தக் கணக்கு நடக்கக் கூடாது. நடந்தால் பயணமே அங்கே முடிந்துவிடும்.

இதுவே நம்மை உரிப்பொருளுக்குக் கொண்டுவருகிறது. ஐந்திணைக்கு ஐந்து உரிப்பொருள் உண்டு. விடுதித் திணைக்கு ஒன்றே ஒன்று: “எவ்வளவுப்பா?”

இதற்கு விடை சொல்வதில் பிள்ளைகள் இரு பிரிவினர். ஆஃபரில் கிடைத்தது என்று ஒரு சின்னத் தொகையைச் சொல்வோர் ஒரு பிரிவு. கம்பெனி கொடுக்கிறது என்போர் மறு பிரிவு. முன்னது ஆபத்தானது. மூவாயிரம் என்று சொல்லிவிட்டால், “அட, இந்த விலைக்கா? உங்க சித்தப்பா மக கல்யாணத்துக்கு வர்றவங்களுக்கு இங்கயே பத்து ரூம் போட்டுரலாமே” என்று அப்பா அப்போதே போனை எடுப்பார். கம்பெனிப் பிரிவினருக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்தப் பிரிவானாலும் தடயங்களை ஒழித்தாக வேண்டும். கையெழுத்து வாங்கும் பதிவுப் படிவத்தில் வாடகை அச்சாகியிருக்கும். அதை மறைக்கச் சொல்லலாம். கடைசி இரவு கதவுக்கடியில் பில் நுழையும். பிள்ளையின் பேருக்குத் திருப்பிவிடச் சொல்லலாம். ரூம் சர்வீஸ் மெனுவில் இரண்டு இட்லிக்குப் போட்டிருக்கும் விலையை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. அதைப் படித்த கணத்திலிருந்து அப்பா எதையும் நம்பமாட்டார். நம்பாததை வெளியே காட்டவும் மாட்டார்.

சுவர்க் கொள்கைக்குச் சான்றாகக் களத்தில் கண்ட ஒன்றைப் பதிவு செய்கிறேன். முன்னறைச் சோபாவில் சம்பந்தி. படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறது. அதற்குப் பின்னால் வாளி, கொடி, தரையில் விரித்த போர்வை எல்லாம் பத்திரம். ஊரிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த டிகாஷனில் கெட்டில் பாலைக் கலந்து அம்மா காபி கொண்டுவந்து வைக்கிறார். சம்பந்தி ஒருமுறை கூரையையும் ஒருமுறை திரைச்சீலையையும் பார்த்துவிட்டு, “வாடகை பெருசா இருக்கும்போல?” என்கிறார்.

மகன் அப்பாவிடம் சொல்லியிருந்தது மூவாயிரம். கட்டியிருந்தது பதினெட்டாயிரம்.

“நாப்பதாயிரம் ஆவுதாம் சம்பந்தி, ஒரு நாளைக்கு” என்றார் அப்பா, டம்ளரை ஆற்றிக்கொண்டே. “நான் வேண்டாம்னுதான் சொன்னேன், பையன் எங்க கேக்குறான்? ஜிஎஸ்டி வேற தனியாம்.”