ராகுகாலத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு நல்ல நேரம் வேண்டி

தேசத்தின் வாசற்கதவையும் அதன் தாழ்ப்பாளையும் ஒருசேரக் காத்தருளும் குடியுரிமை அதிகாரி அவர்களின் மேலான சமூகத்துக்கு, சிவகாசியில் தினசரி காலண்டர் அச்சடிக்கும் அடியேன் பணிவோடு எழுதிக்கொள்வது.

போன வாரம் மனைவியின் மனுவோடு மகனுடைய மனுவையும் சேர்த்துப் பதியப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி, "பையன் இந்தியாவுக்குள்ள நுழைஞ்ச தேதி சொல்லுங்க" என்றார். பிறந்த தேதியைச் சொன்னேன். "நுழைஞ்ச இடம்?" சிவகாசி, பிரசவ வார்டு என்றேன். "அண்ணாச்சி, இதுல ஏர்போர்ட்டும் துறைமுகமும்தான் வருது. ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க, இல்லாட்டி அடுத்த பக்கம் போகாது." விருதுநகர் மாவட்டத்தில் கடலும் கிடையாது, விமானமும் இறங்காது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலாம் வகுப்பு படிக்கிற பையனும் என்னவென்று புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தான்.

தங்கள் தொழிலுக்கும் எங்கள் தொழிலுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான்: தேதி. ஆனால் எங்களுக்குத் தங்கள் அளவுக்குக் கைவரவில்லை. நாங்கள் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம்தான் ராகுகாலம் போடுவோம். தாங்கள் 1987 ஜூலை 1-ஆம் தேதி ஆரம்பித்த ராகுகாலம் இன்னும் முடியவில்லை. அன்று முதல் இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தாயோ தகப்பனோ இந்தியராக இருக்க வேண்டும் என்றீர்கள். சரி, நான் இருக்கிறேனே என்று நிமிர்ந்தால், 2004 டிசம்பர் 3 முதல் எமகண்டம். ஒருவர் இந்தியரானாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாதாம். என் மகன் பிறந்தது 2016. நல்லவேளை, எங்கள் மாவட்டம் 1985 மார்ச்சிலேயே ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து பிறந்துவிட்டது. கொஞ்சம் பிந்தியிருந்தால் அதனிடமும் பெற்றோர் சான்று கேட்டிருப்பீர்கள்.

1986-இல் மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். பிறந்தால் அப்படி நேரம் பார்த்துப் பிறக்க வேண்டும்.

என் வீட்டுச் சட்டவிரோதக் குடியேறியான மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1990-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் படகில் வந்தபோது அவருக்கு ஒன்றரை வயது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் நுழைந்தார் என்பது உண்மைதான். கையில் பால்புட்டி மட்டும்தான் இருந்ததாம். மண்டபத்தில் பதிவு, பிறகு ஆனைக்குட்டம் முகாம். அவருடைய கொள்ளுத்தாத்தா அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்களே, அந்தச் சனத்தில் ஒரு குடும்பம். நூறு வருஷம் கழித்துச் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பியவருக்கு முகாமில் ஓர் எண் கொடுத்தோம். 2021-இல் மாநில அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. போர்டு புதுசு. தணிக்கைக்கு வரிசையில் நின்று ஆள் காட்டுவது பழசு.

இந்தியரைக் கட்டிக்கொண்டு ஏழு வருஷம் இங்கே குடியிருந்தால் விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறீர்கள், சட்டவிரோதக் குடியேறி நீங்கலாக. 2019-இல் போட்ட திருத்தத்தில் பார்த்தேன். இந்து, பொருந்துகிறது. 2014 டிசம்பர் 31-க்குள் வந்தவர், பொருந்துகிறது. நாடு மட்டும் பொருந்தவில்லை. பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்று மூன்று ராசிக்கு மட்டும் பலன் போட்டுவிட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டீர்கள். எங்கள் பிரஸ்ஸில் ஒரு ராசி விட்டுப்போனாலே ஏஜென்ட் கட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

2025 செப்டம்பரில் ஓர் அருளும் புரிந்தீர்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல் பாஸ்போர்ட், விசா இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. அந்த ஜனவரி 9, கொழும்பில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள். காலண்டர்காரனுக்கு இதெல்லாம் மறக்காது. தண்டனை இல்லை என்றீர்கள், குடிமகள் என்று சொல்லவில்லை. அது அடுத்த பக்கம். அடுத்த பக்கம்தான் போகாதே.

அதே வருஷம் மே மாதம் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இலங்கைத் தமிழர் வழக்கில், இந்தியா தர்மசத்திரம் அல்ல என்றார் ஒரு நீதிபதி. ஒத்துக்கொள்கிறேன். சத்திரத்தில் பிறந்த பிள்ளையை எந்த வாசல் வழியாக வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

முப்பத்தைந்து வருஷமாக என் மனைவி இந்த வெயிலில் கிடக்கிறாள். பட்டாசு ஆலையில் திரி வெட்டியிருக்கிறாள், மருந்து வாடையோடு வந்து சோறு பொங்கியிருக்கிறாள். குண்டு விழுந்த ஊரிலிருந்து பெற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஓடிவந்த கைக்குழந்தை எந்தச் சட்டத்தை மீறியது? அவள் பிள்ளை எதிரில் அவளைச் சட்டவிரோதம் என்று வாய்விட்டு வாசிக்க ஒருத்தருக்கும் நாக்கு கூசவில்லையா?

மன்னிக்க வேண்டும். ராகுகாலத்தில் பேனாவை எடுத்தால் இப்படித்தான் ஆகிறது. தங்கள் கருணை கடலினும் பெரிது. அந்தக் கடலும் எங்கள் மாவட்டத்தில் இல்லை என்பதுதான் குறை.

ஒரே ஒரு விண்ணப்பம். மனைவிக்கு இது எட்டாம் மாதம். நாள் நட்சத்திரம் பார்த்து ஆபரேஷன் செய்துகொள்கிற வழக்கம் எங்கள் பக்கமும் வந்துவிட்டது. ஜோசியரைக் கேட்டேன், இந்த விஷயம் தன் பஞ்சாங்கத்தில் இல்லை என்று கையை விரித்துவிட்டார். தாங்களே பார்த்து, பிறக்கிற பிள்ளை இந்தியனாகிற மாதிரி ஒரு தேதி குறித்து அனுப்பினால் டாக்டரம்மாவிடம் சொல்லிவைத்துவிடுவேன். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுக்க மாட்டார்களாம்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஒரு வெளிநாட்டவரின் தகப்பன்,
சிவகாசி.