மூன்று சதவீதத்தின் கனம்

கேள்வி: கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றமே கைகழுவிவிட்டது. மாநில அரசியல் சாசனத்தைத் திருத்தி அதைக் காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும். ஒஹையோ மாநில மக்கள் செய்து காட்டினார்கள். 2022 ஜூனில் அந்தத் தீர்ப்பு வந்த பிறகு மனுத்தாளும் பேனாவுமாகத் தெருவில் இறங்கி, திருத்தத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர லட்சக்கணக்கில் கையெழுத்து திரட்டினார்கள்.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா? திருத்தம் நிறைவேறப் பாதிக்கு மேல் ஓட்டு போதாது, 60 சதவீதம் வேண்டும் என்று விதியையே மாற்றப் பார்த்தது. 2023 ஆகஸ்டில் வாக்காளர்கள் அதை முறியடித்தார்கள். நவம்பரில் உரிமைத் திருத்தம் சுமார் 57 சதவீத ஓட்டுடன் வென்றது.

ஃப்ளோரிடாவிலும் 2024-இல் இதுபோன்ற திருத்தத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ அதே 57 சதவீதம்தான். ஆனால் அங்கே வரம்பு 60. பெரும்பான்மை இருந்தும் திருத்தம் தோற்றது. ஆறு வாரக் கர்ப்பத்துக்குப் பிறகு கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டம் அசையாமல் நின்றது.