பேஜார் புடிச்ச நீலம்

வாடா பேராண்டி, குந்து. கையக் காட்டு. அந்தக் கை இல்ல, முதுகுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிக்கீறியே, அந்தக் கை. ஆங். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மூணும் நீலம். ஓட்டு போட்டா ஒத்தை விரல்லதான்டா மை வெப்பான். இந்தக் கையோட எலெக்‌ஷன் அன்னிக்கு வெளிய போனா, மூணு பூத்துல கள்ள ஓட்டு போட்டவன்னு புடிச்சு உள்ள தள்ளிடுவான்.

காலைல ஒம்போதுக்கு ஓஎம்ஆர் போற. ராத்திரி ஒம்போதுக்கு வர்ற. நடுவுல பூரா பொத்தானத் தட்டுற. கையெழுத்துன்னு நீ போடறது கூரியர்காரன் நீட்டற போன்ல, அதுவும் வெரலால. உனக்கு அமெரிக்காவுலருந்து இங்கி! ரெண்டு கிலோ வஞ்சரம் வாங்கற துட்டு. கேட்டா, "தாத்தா, இது சும்மா நீலம் இல்ல, கரண்ட் அடிக்கிற நீலம்"ன்ற. நான் பொய் சொல்ல மாட்டேன், சோக்காதான் கீது. புதுசா பெயின்ட் அடிச்சு எறக்குன போட்டு மாதிரி பேப்பர்ல நிக்குது. ஆனா புது போட்டு தண்ணியில எறங்கின மறுநாளே யார் மேல மோதுதுன்னுதான பாக்கணும்?

என் மேலதான் மோதுச்சு. போன கார்த்திகைல நடந்தத உனக்கு யாரும் முழுசா சொல்லல. பேனா கழுவுறேன்னு பாத்ரூம்ல குந்தியிருந்துட்டு, அந்த பாட்டில ஜன்னல்லயே வெச்சுட்டு ஆபீஸுக்குப் பூட்ட. உங்க ஆயாவுக்குக் கண்ணுல புரை. ஜன்னல்ல நீலமா ஒரு பாட்டில் கீதுன்னா அவளுக்கு அது சொட்டு நீலம். என் வேட்டி ரெண்டு, பனியன் மூணு, அலசுன பக்கெட்டுல நாலு சொட்டு வுட்டா. சொட்டு நீலம்னா தண்ணி லேசா வானம் மாதிரி ஆவும். இது நடுக்கடல் மாதிரி ஆயிடுச்சு. "இந்த வாட்டி நீலம் நல்லா கெட்டியா கீதே"ன்னு சந்தோஷப்பட்டு, பொரட்டிப் பொரட்டி முக்கிக் கொடியில போட்டுட்டா.

மறுநாள் விடியக் காலைல கரண்ட் இல்ல. அரை இருட்டுல கைக்கு வந்த வேட்டியக் கட்டிக்கினு டீ குடிக்கப் போனேன். டீக்கடைக்காரன் எழுந்து நின்னு, "சாமி சரணம்! எப்போ மாலை போட்டீங்க?"ன்றான். குனிஞ்சு பாத்தா இடுப்புலருந்து கணுக்கால் வரைக்கும் நீலம். உண்மையச் சொல்லியிருக்கலாம். ஆனா சாமிகிட்ட காசு வாங்க மாட்டேன்னு அவன் முந்திக்கினான். அவன் மனச எதுக்கு நோவடிக்கணும்?

அதோட வுட்டனா? அப்படியே காசிமேட்டுப் பக்கம் நடந்தேன். நெத்திலி கூறு கட்டி வெச்சிக்கீற ஒருத்தி, "இன்னா சாமி, வெரதத்துல மீன் மார்க்கெட்டா?"ன்னு ஊரே திரும்பற மாதிரி கேட்டா பாரு. வெறுங்கையோட வந்தேன். ஓசி டீக்கு அன்னிக்குக் கொழம்பு பூட்ச்சு. இத்த வெளிய சொல்லிக்கினு திரியாத.

சரி, சாயத்தப் பத்தி ராயபுரத்துல பொறந்தவனுக்கு அமெரிக்காக்காரன் சொல்லித் தர வேணாம். பக்கத்துல கீற வண்ணாரப்பேட்டை இன்னா ஊரு? ஈஸ்ட் இண்டியா கம்பெனிக்காரன் கப்பல்ல ஏத்தற துணிய வெளுத்துக் காயப்போட்ட ஊரு. எங்க அம்மா பொறந்த காலடிப்பேட்டை? யாரோ சாமி காலடி வெச்ச எடம்னு நெனச்சுக்கினு இருந்த நீ. 1717-லருந்து 1720 வரைக்கும் மெட்ராஸுக்கு கவர்னரா இருந்த காலெட் துரை நெசவாளிங்களக் குடிவெச்ச பேட்டை, காலெட்பேட்டை. அது நம்ம வாயில பொரண்டு பொரண்டு காலடிப்பேட்டை ஆச்சு. ஒரு பக்கம் நெய்யறவன், ஒரு பக்கம் வெளுக்கறவன். நடுவுல கீறவன்தான்டா நாம.

வெளுக்கறவங்ககிட்ட அந்தக் காலத்துல ஒரு மை இருந்துச்சு. சேராங்கொட்டை. அந்தக் கொட்டைய ஊசியால குத்தி, வர்ற சாறுல துணி மூலையில குறி போட்டு, மேல சுண்ணாம்பு தடவுனா, துணி கிழிஞ்சாலும் குறி போவாது. ஆனா சாறு கையில பட்டா கொப்புளம் போட்டுடும். அதனால அவங்க அத்த சட்டைப் பையில வெச்சுக்கினு சுத்தல. வேலைக்கு எடுப்பாங்க, முடிஞ்சா தனியா வெப்பாங்க. நான் உனக்குச் சொல்ல வந்ததும் அவ்ளோதான். ஆனா அவ்ளோத்தோட நான் எப்போ நிறுத்தியிருக்கேன்?

உன் பாட்டில் பேர நான் எடுக்கல. இந்தத் தினுசுல ஊர் ஒலகம் பூரா பேரெடுத்த நீலம் ஒண்ணு கீது, பேஸ்டேட் ப்ளூன்னு. நூட்லர்ஸ் கம்பெனி சரக்கு. பேஸ்டேட்னா அவங்க மாசசூசெட்ஸுக்குச் செல்லப் பேரு. கண்ணப் பறிக்கும். அதே சமயம் கண்ணாடி மாதிரி கீற பேனாவுல ஊத்துனா உள்ள பூரா நீலம் ஏறிடும், தண்ணிக்கு அசையாது. வேற இங்கியோட கலக்காதன்னு செஞ்சவனே சொல்றான். ஏன்னா முக்காவாசி இங்கி புளிப்புப் பக்கம், இது காரப் பக்கம். ரெண்டும் சேந்தா மோர்க்கொழம்பு திரிஞ்ச மாதிரி கசடு தங்கி, நிப்புக்குக் கீழ கீற கறுப்புக் கட்டையோட சந்துல போய் அடைச்சுக்கும். நீ நேத்து இன்னா பண்ண? பாதி பிரில் இங்கி இருந்த பேனாவுல இத்த ஊத்துன. கேட்டா "வீணாப் போவுதே"ன்ற.

இது புதுக் கதை இல்ல. பார்க்கர் கம்பெனிக்காரன் 1931-ல குயிங்க்னு ஒண்ணு வுட்டான், சாதுவான இங்கி. அதோட சும்மா இருந்தானா? சட்டுனு காயணும், பளிச்சுனு தெரியணும்னு காரமா ஒரு இங்கி செஞ்சான். அந்த இங்கி நிப்பு மேலயே காஞ்சு பூடுதுன்னு, நிப்ப மூடி மறைச்சு ஒரு பேனாவே செஞ்சான். அதான் 1941-ல வந்த பார்க்கர் 51. அந்த இங்கி பாட்டில் மேலயே, வேற பேனாவுல ஊத்தாதன்னு எழுதி ஒட்டி வித்தாங்க. 1947-ல அதுக்குத் தம்பியா சூப்பர்குரோம். கலர் சூப்பரு. ஆனா போவப் போவ பேனா வவுத்தையே அரிச்சுது. பத்து வருசத்துக்குள்ள கடைய மூடிட்டான். பார்க்கருக்கே அந்தக் கதின்னா, ஓஎம்ஆர்ல பொத்தான் தட்டற உனக்கு இன்னா கதி?

உள்ளூர்ல மட்டும் இன்னா வாழுது? தேர்தல் மை 1962-லருந்து மைசூர்லருந்து வருது. அதுல வெள்ளி உப்பு கீது, வெயில் பட்டா தோல்லயே கறுத்துக்கும். அத்த வெச்சுக்கினு விரலத் தூக்கிப் போட்டோ புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புற. பேனா மை ஒட்டுனா மட்டும் மூஞ்சி தொங்குது.

நான் ஹார்பர்ல டாலி கிளார்க்கா சேந்தப்போ பேனா எங்க? காப்பியிங் பென்சில். பாக்கறதுக்கு சாதா பென்சில், நாக்குல தொட்டு எழுதுனா ஊதா. ஒரு கப்பல் மூட்டைய எண்ணி முடிக்கறதுக்குள்ள நாக்கு, உதடு, பல்லு எல்லாம் ஊதா. ஆஸ்பத்திரில வாய்ப்புண்ணுக்குத் தடவுவானே ஊதா மருந்து, அதோட பங்காளி அந்தச் சாயம். வீட்டுக்கு வந்தா உங்க ஆயா வாசல்லயே நின்னு வாயத் தொறக்கச் சொல்லுவா. "எங்க நின்னு நாவப்பழம் தின்ன? எனக்கு ஒண்ணு எடுத்தாரத் தோணலியா?" கல்யாணமாகி ஆறு மாசம் இதே சண்டை. அப்புறம் ஒரு நாள் நிஜமாவே நாவப்பழம் வாங்கினு போனேன். "அப்போ இத்தினி நாளா நான் சொன்னது நெசம்தான"ன்னு அதுக்கும் சண்டை. சாயம் பேனாவோட நிக்காதுடா, குடும்பத்துக்குள்ள வரும்.

இப்போ வேலைக்கு வருவோம். மொதல்ல பேனா. உங்க அப்பன் வாங்கிக் குடுத்த நல்ல பேனாவுல இத்த ஊத்தாத. இதுக்குன்னு ஒரு எடுபிடி பேனா வெச்சுக்கோ. பாரிஸ் கார்னர்ல என்.எஸ்.சி. போஸ் ரோட்டுல ஜெம் அண்ட் கோ கீது, போய் நின்னு பாரு. இல்ல, திருவள்ளூர்ல ரங்கா பேனா செய்யறாங்களே, அந்த மாதிரி கறுப்பு எபோனைட்டு எதனா. எபோனைட்டுன்னா ரப்பர்ல கந்தகம் போட்டுக் காய்ச்சிக் கெட்டியாக்குனது. கறுப்புல கறை ஏறுனா யாருக்குத் தெரியும்? ஆனா ஒண்ணு, டிராப்பர்ல நேரா ஊத்தற பேனான்னா இங்கி கொறையக் கொறைய உள்ள காத்து சேரும். கை சூட்டுல அந்தக் காத்து உப்பி, நிப்பு வழியா ஒரு சொட்டக் கக்கும். அது கக்கறது எப்பவும் வெள்ளச் சட்டை போட்ட அன்னிக்குத்தான். கால்வாசி ஆனதும் திரும்ப ஊத்திடு.

கழுவறதுக்கு போர் தண்ணி வேணாம். நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு, காஞ்சா நிப்புல வெள்ளையாப் படியும். கடல் தண்ணியக் குடிதண்ணியாக்கறதுக்கு 2010-ல காட்டுப்பள்ளில ஆலை தொறந்தாங்க, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டரு குடிதண்ணி தர்ற மாதிரி கட்டுன ஆலை. அதுல அரை டம்ளர் உன் பேனாவுக்கு. மறுபடி மறுபடி உறிஞ்சு வுடு, தண்ணி தெளியற வரைக்கும். அதுக்கும் போவாத கறைக்குத்தான் ப்ளீச்சிங். கொஞ்சூண்டு, நெறைய தண்ணில கரைச்சு, சட்டுனு வுட்டு சட்டுனு எடுத்து, மறுபடி நல்ல தண்ணி. ஊற வெச்சுட்டு தூங்கப் போனன்னா நிப்பு துருப் புடிச்சு எழுந்துக்கும்.

இன்னொண்ணு. இத்தச் சிரிச்சுக்கினே கேக்காத. பேனா கழுவ சில பேர் அம்மோனியா தண்ணி வெப்பாங்க. அம்மோனியா தனி, ப்ளீச்சிங் தனி. ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா வெஷப் புகை. ப்ளீச்சிங்ல எலுமிச்சம்பழம், ஆசிட்டு எதுவும் சேக்கக் கூடாது. அம்மோனியா இன்னான்னு உனக்குப் பாடம் எடுக்கணுமா? 2023 டிசம்பர் 26 ராத்திரி, எண்ணூர்ல கடலுக்குள்ள போற குழாய்ல கசிஞ்சு, பெரியகுப்பத்துச் சனம் புள்ளைங்களத் தூக்கிக்கினு இருட்டுல ரோட்டுக்கு ஓடி வந்துச்சே. அதுக்கு மூணு வாரம் முந்திதான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து, முகத்துவாரத்துல கீற போட்டு, வலை, அலையாத்தி மரம் எல்லாத்தையும் கறுப்பாப் பூசிட்டுப் போச்சு. அந்தக் கறைய நீ பாத்த. மக்க வெச்சு மொண்டு மொண்டு ஊத்துனாங்க. அதுக்கு முன்னால உன் மூணு விரல் இன்னா பெருசு?

ஆபீஸ் காயிதம், பேங்க் செக்கு, கடன் பத்திரம், இதுலல்லாம் இந்த நீலத்தக் காட்டாத. பச்சை இங்கின்னா கெஜட்டட் ஆபீசர்னு ஊருக்குத் தெரியும். கரண்ட் அடிக்கிற நீலத்துக்கு இன்னா பதவி? ஒண்ணும் இல்ல. அதோட இந்தத் தினுசு இங்கில நெறைய சரக்கு, சாயம் தூக்கலாப் போட்டு பேப்பர் மேலயே படிஞ்சு நிக்கும். ராயபுரத்துக் கடக்காத்துல ஈரம் எப்பவும் கீது. காஞ்சிடுச்சுன்னு நெனச்சுக் கைய வெச்சன்னா தீட்டிடும். பளிச்சுனு கீற சாயம் பல பேருக்கு எலெக்‌ஷன் வாக்குறுதி மாதிரி, வெயில் பட்டா வெளுத்துக்கினே போவும். நம்ம பெரியவங்க கடுக்காயும் அன்னபேதியும் போட்டு மை காய்ச்சுவாங்க. அது கடன் மாதிரி. எழுதும்போது மங்கலாத் தெரியும், நாளாக நாளாகக் கறுத்துக்கினே வரும். கடுக்காய் குடுக்கறதுன்னு ஏமாத்தறதுக்குப் பேர் வெச்சானுங்க பாரு, மையில கடுக்காய் மாதிரி வாக்குத் தவறாதது ஒண்ணும் இல்ல. அதுவும் பேனாவுல அடைக்கும், இரும்பு நிப்ப அரிக்கும். அதுக்குப் பேஜார் வேற.

அப்போ தூக்கிப் போடணுமான்னு கேக்கற. நான் எப்போடா சொன்னேன்? துட்டு குடுத்து வாங்கியாச்சு. கறுப்புப் பேனாவுல ஊத்தி, எனக்கு வாரம் ஒரு கடுதாசி எழுது. ஒரே வீட்ல இருந்துக்கினு எதுக்குக் கடுதாசின்னு கேக்காத. நீ வர்ற நேரத்துக்கு நான் தூங்கிடறேன், நான் எழுந்துக்கற நேரத்துக்கு நீ தூங்கற. எழுதி டிபன் டப்பா மேல வெச்சுட்டுப் போ. எனக்கும் கண்ணு மங்குது, அந்த நீலம்னா கண்ணாடி இல்லாமப் படிப்பேன்.

ஞாயித்துக்கிழமை ப்ளீச்சிங் கரைக்கும்போது என் பனியன் மூணையும், ஒரு வேட்டியையும் அதுல போட்டு எடுத்துடு. இன்னொரு வேட்டி பீரோவுல அடியில மடிச்சு வெச்சிக்கீறேன், அத்தத் தொடாத. கார்த்திகைக்கு வேணும். டீ இப்ப 15 ரூபா.