செங்கோட்டைக்கு லீவு

ரயில் டிக்கெட் நீங்கலாக, எனக்கும் மனைவிக்கும் நாலு நாளைக்கு 10,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று வீட்டில் அறிவித்துவிட்டுத்தான் டெல்லிக்குக் கிளம்பினேன். கணக்கு எழுத நாற்பது பக்க நோட்டு ஒன்றும் வாங்கினேன். முதல் செலவே அந்த நோட்டுதான்.

சனிக்கிழமை இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். கட்டிக்கொண்டு போன புளியோதரை ஞாயிறு மதியம் வரை எங்களைக் காப்பாற்றியது. திங்கள் காலை பஹார்கஞ்சில் மலிவாக ஓர் அறை. ஜன்னல் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்; இருந்தது. திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவரைத் தடவிப் பார்க்கலாம்.

ஆட்டோக்காரரிடம் எவ்வளவு என்பதற்கு "கித்னா?" என்றேன். கேள்வி கேட்கும் அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். பதில் புரியும் அளவுக்குத் தெரியாது. ஆகவே பஸ். 2019-இல் தொடங்கிய திட்டப்படி பெண்களுக்கு அப்போது டெல்லி பஸ்ஸில் கட்டணம் இல்லை. கண்டக்டர் மனைவியிடம் இளஞ்சிவப்புச் சீட்டைக் கொடுத்துவிட்டு, என் பக்கம் கையை நீட்டினார்.

"ஏங்க, நம்ம ஊர்லயும் சரி, இங்கயும் சரி, செலவு வைக்கிறது நீங்கதான்" என்றாள்.

1648-இல் ஷாஜகான் கட்டி முடித்த செங்கோட்டைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். நோட்டில் 'செங்கோட்டை: 0' என்று எழுதியபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் குதுப்மினார். 73 மீட்டர் உயரம், 379 படி. ஆனால் 1981 விபத்துக்குப் பிறகு யாரையும் மேலே ஏற விடுவதில்லை. என் முழங்கால் சார்பில் அரசுக்கு மனதார நன்றி சொன்னேன். பக்கத்தில் சுமார் 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடிக்காத இரும்புத் தூண். அவள் அதையே உற்றுப் பார்த்தாள். "நம்ம வீட்டு கேட்டையும் சீப்பா முடிச்சீங்களே, மூணு வருஷம் தாங்குச்சா?"

பேச்சை மாற்ற, சீக்கியர்களின் பங்களா சாஹிப் குருத்வாராவுக்கு அழைத்துப் போனேன். அங்கே லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் யார் வந்தாலும் சாப்பாடு இலவசம் என்பது ஊரிலேயே விசாரித்து வைத்திருந்த தகவல். தலையில் துணி கட்டிக்கொண்டு, தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். தட்டில் பருப்பு விழுந்தது. ரொட்டிக்கு ஒரு கையை நீட்டினேன். பரிமாறிய பெரியவர் அசையவில்லை. சிரித்தபடி தம் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துக் காட்டினார். நானும் சேர்த்து ஏந்தினேன். சூடான ரொட்டி வந்து விழுந்தது. இரண்டு நாளாக 'எவ்வளவு?' என்று கேட்டே பழகிய வாய், அப்போதுதான் கொஞ்சம் மூடியது.

எழுந்தால், தட்டுக் கழுவும் இடத்தில் கார் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாகிவிட்டது. நானும் போய் நின்று ஐம்பது, அறுபது தட்டு தேய்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. செல்போனில் வீடியோ மட்டும் எடுத்தாள்.

டெல்லிக் கணக்கு 9,640 ரூபாயில் முடிந்தது. ஆனால் அந்த வீடியோவை ஊரே பார்த்துவிட்டது. தினமும் இரவு சாப்பிட்டு எழும்போது அவள் சிங்க்கைப் பார்க்கிறாள். பிறகு என்னைப் பார்க்கிறாள்.